வெளுத்தவர்களின் துணி

1811 வரை பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஒரு சட்டம் நடப்பில் இருந்தது. வெளுப்பதற்காகப் புல்வெளியில் விரித்திருந்த லினன் துணியைத் திருடினால் தூக்கு. அதை நீக்கும் மசோதாவைச் சாமுவேல் ரொமிலி நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தபோது, அவருக்கு ஆதரவாக விண்ணப்பம் கொடுத்தவர்கள் அந்தத் துணிகளுக்குப் பொறுப்பான வெளுப்புத் தொழில் முதலாளிகளேதான். கள்ளன்மேல் இரக்கப்பட்டு அவர்கள் எழுதவில்லை. தண்டனை அத்தனை கொடியதாக இருந்ததால் வழக்குத் தொடுக்கவே பலர் தயங்கினார்கள்; வழக்கு நடந்தாலும், ஒரு துணிக்காக ஓர் உயிரை எடுப்பதா என்று ஜூரிகள் விடுதலை செய்துவிட்டார்கள். துணியைக் காக்க வந்த சட்டமே அதற்குக் காவலாக இல்லாமல் போயிற்று. அந்தக் காலத்துப் பிரிட்டனில் சில்லறைத் திருட்டுகளுக்கும் தூக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனாலும் தறியில் இருக்கும் துணிக்கும் கடையில் இருக்கும் துணிக்கும் அப்பால், புல்தரையில் நனைந்து கிடக்கும் துணிக்கென்று தனியாக ஒரு சட்டம் எழுதினார்கள். அதை எளிதாகக் கடந்துவிட முடியாது. லினன் விலையேறியது அந்தப் புல்தரையில்தான். லினனின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விதைத்தவரையும் நெய்தவரையும் விற்றவரையும் பேசுகிறார்கள். அந்தத் துணிக்கு மதிப்பை உண்டாக்கியவர்களும் அந்த மதிப்பைத் தலைமுறைகளுக்குக் காத்தவர்களும் அதை வெளுத்தவர்களும் துவைத்தவர்களுமே என்பது என் வாதம்.

முதலில் நாரைப் பார்க்க வேண்டும். லினன் ஆளிச் செடியின் தண்டிலிருந்து வருகிறது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் ஆளி விதையும் அதே செடியுடையதுதான். நாருக்காக வளர்க்கும்போது செடியை அறுப்பதில்லை. நாரின் நீளம் வீணாகக் கூடாது என்று வேரோடு பிடுங்குகிறார்கள். பிறகு தண்டைக் குட்டையிலோ ஆற்றிலோ ஒன்றிரண்டு வாரம் ஊறவைக்க வேண்டும், அல்லது வயலிலேயே பரப்பிப் பனியில் நனையவிட வேண்டும். நுண்ணுயிர்கள் நாரையும் தண்டையும் ஒட்டியிருக்கும் பசையைத் தின்று தீர்க்கும். அந்தக் குட்டையின் நாற்றம் ஊரைத் தூக்கும். ஊறிய தண்டைக் காயவைத்து, ஒடித்து, அடித்து, ஆணிகள் பதித்த சீப்பில் வாரினால்தான் நூற்கக்கூடிய நார் கிடைக்கும். இவ்வளவும் முடிந்து தறியிலிருந்து இறங்கும் துணி வெள்ளையாகவும் இருக்காது, மென்மையாகவும் இருக்காது. மங்கலான மண் நிறத்தில் முரமுரவென்று இருக்கும். சந்தையில் அதன் பெயரே பழுப்பு லினன். அதில் இன்னும் பசையும் மெழுகும் நிறப்பொருளும் ஏராளமாக ஒட்டியிருக்கின்றன; முழுக்க வெளுத்து முடிக்கும்போது துணி தன் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழக்கும். பருத்தியில் இந்த இழப்பு மிகச் சிறிது. லினனை வெளுப்பது மேலுக்குச் செய்யும் ஒப்பனையன்று என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

17-ஆம் நூற்றாண்டில் இந்த வேலையில் ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்ற ஊர் ஹாலந்தின் ஹார்லெம். கடலோர மணல் மேடுகளின் வழியாக வடிகட்டி வரும் தெளிந்த நீர், பரந்த புல்வெளி, பக்கத்துப் பண்ணைகளின் மோர் ஆகிய மூன்றும் அங்கே ஒன்றாகக் கிடைத்தன. துணியைச் சூடான சாம்பல் காரத்தில் ஊறவைப்பார்கள். எடுத்து அலசிப் புல்லில் விரித்து, காயக் காய நீர் தெளித்துப் பல நாள் வெயிலில் விடுவார்கள். மறுபடியும் காரம், மறுபடியும் வெயில். கடைசியில் புளித்த மோரில் ஊறப் போடுவார்கள். காரம் பசையையும் மெழுகையும் கரைக்கும். ஈரமும் வெயிலும் சேர்ந்து நிறப்பொருளைச் சிதைக்கும். மோரின் புளிப்பு துணியில் தங்கிய காரத்தை முறிக்கும். வெள்ளாவி வைக்கும் நம் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணையும் ஆவியையும் கொண்டு செய்ததும் இதே கார வேலைதான். ஸ்காட்லாந்து வணிகர்கள் வசந்தத்தில் கப்பலேற்றி அனுப்பிய துணி இலையுதிர் காலத்தில்தான் வெளுத்துத் திரும்பும். வேறு நாட்டில் நெய்த துணியும் அங்கே வெளுத்தால் 'ஹாலந்துத் துணி' என்ற பெயரில் உயர்ந்த விலைக்குப் போயிற்று. நெய்த ஊரின் பெயர் மறைந்து வெளுத்த ஊரின் பெயர் நின்றதைவிட என் வாதத்துக்கு வேறு நல்ல சான்று வேண்டியதில்லை. யாக்கோப் வான் ரூயிஸ்டால் ஹார்லெமின் வெளுப்புத் திடல்களைத் திரும்பத் திரும்ப ஓவியமாகத் தீட்டினார். வானம் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும் அந்தப் படங்களில் தூரத்தில் மாதா கோவில்; முன்னால், மேகம் விட்ட வெளிச்சத்தில், நீள நீளமான வெள்ளைப் பட்டைகள். ஊரின் பெருமையைக் காட்ட அவர் தேர்ந்த காட்சி அது.

ஒரு துணி வெளுக்க ஆறேழு மாதம் ஆகிறது என்றால் வணிகருடைய முதல் அவ்வளவு காலமும் புல்வெளியில் முடங்கிக் கிடக்கிறது. இந்தக் காலத்தைக் குறைக்க எடுத்த முயற்சிகளிலிருந்துதான் நவீன வேதித் தொழிலின் பெரும்பகுதி பிறந்தது. எடின்பரோ மருத்துவர் பிரான்சிஸ் ஹோம் 1756-இல் வெளுப்பைப் பற்றித் தம் சோதனைகளை நூலாக வெளியிட்டார். புளித்த மோருக்குப் பதிலாக நீர்த்த கந்தக அமிலம் போதும், வாரக்கணக்கில் ஆகும் வேலை ஒரு நாளுக்குள் முடியும் என்று காட்டினார். ஜான் ரூபக் 1749-இல் எடின்பரோவுக்கு அருகே பிரஸ்டன்பான்ஸில் தொடங்கிய அமிலத் தொழிற்சாலைக்கு வெளுப்பவர்களே பெரிய வாடிக்கையாளர்கள் ஆனார்கள். 1785-இல் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தொலே குளோரினின் வெளுக்கும் ஆற்றலைக் கண்டார். நீராவி எஞ்சின் புகழ் ஜேம்ஸ் வாட் அந்தச் செய்தியைப் பாரிசிலிருந்து கொண்டுவந்து முதலில் சொன்னது கிளாஸ்கோவில் வெளுப்புத் தொழில் நடத்திய தம் மாமனாரிடம். 1799-இல் அதே ஊரின் சார்லஸ் டென்னன்ட் சலவைத் தூளுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நம் குளியலறைகளில் இருக்கும் பிளீச்சிங் பவுடரின் பிறப்பிடம் லினன் திடல்தான்.

அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் இந்தக் கதை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. இங்கிலாந்து தன் கம்பளித் தொழிலைக் காப்பதற்காக 1699-இல் அயர்லாந்தின் கம்பளித் துணி ஏற்றுமதியை முடக்கியது. லினனுக்கு மட்டும் வழி திறந்து வைத்தது. பிரான்சிலிருந்து மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த லூயி குரோமெலின் 1698-இல் லிஸ்பர்னில் குடியேறித் தொழிலை ஒழுங்குபடுத்தினார். 1711-இல் அரசு லினன் வாரியம் அமைத்தது. 1790-களில் ஆண்டுக்கு நான்கு கோடி கெஜத்துக்கும் மேல் அயர்லாந்து லினன் ஏற்றுமதியாயிற்று. சிறு நிலம் வைத்திருந்த குடியானவர் தம் வீட்டுத் தறியில் நெய்த பழுப்புத் துணியைச் சந்தைக்குத் தூக்கி வருவார். வாங்குகிறவர் மேசைமேல் ஏறி நின்று துணியைப் பிரித்துப் பார்த்து விலை சொல்லிவிட்டுப் போவார். அப்படி வாங்கியவர்களில் பெரும்புள்ளிகள் வெளுப்பு ஆலை உடையவர்கள். தறிக்கு வேண்டிய முதல் சிறிது. வெளுப்புக்கோ ஆற்றங்கரை நிலமும் நீர்ச் சக்கரமும் கழுவு ஆலையும், மாதக்கணக்கில் பணத்தை முடக்கிவைக்கும் வசதியும் வேண்டும். ஆகவே லாபமும் அதிகாரமும் லாகன், பான் ஆற்றங்கரைகளில் இருந்த இவர்கள் கையில் சேர்ந்தன. சுண்ணாம்பு போட்டு அவசரமாக வெளுத்துத் துணியைக் கெடுப்பதைத் தடுக்கச் சட்டங்கள் வந்தன. திடல்களில் இரவுக் காவலுக்கென்று சிறிய கல் கூண்டுகள் கட்டினார்கள்; சில இன்றும் நிற்கின்றன. வில்லியம் ஹிங்க்ஸ் 1783-இல் அயர்லாந்து லினன் தொழிலை விதைப்பிலிருந்து விற்பனை வரை 12 செதுக்கோவியங்களில் காட்டியபோது, டவுன் கவுண்டியின் ஒரு வெளுப்புத் திடலுக்கும் அதன் ஆலைக்கும் ஒரு முழுப் படத்தை ஒதுக்கினார். வெளுத்த துணியை உருளையில் சுற்றி, வரிசையாகத் தொங்கும் மரச் சம்மட்டிகளால் மணிக்கணக்கில் அடித்துப் பளபளப்பேற்றும் ஆலைகளும் இருந்தன. டைரோன் கவுண்டியின் வெல்புரூக்கில் அப்படி ஓர் ஆலை இன்றும் காட்சிக்கு ஓடுகிறது. அதன் இரைச்சலில் வேலை செய்தவர்களுக்குக் காது மந்தமாகிப் போனதில் வியப்பில்லை.

ஆலையோடு வெளுப்பு முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு சலவையும் லினனை இன்னும் கொஞ்சம் வெளுக்கிறது, இன்னும் கொஞ்சம் மென்மையாக்குகிறது. எஞ்சிய பசை கரையக் கரைய நார்க்கட்டு இளகுகிறது. ஐரோப்பிய வீடுகளில் 16-ஆம் நூற்றாண்டிலிருந்து இதுவே குடும்ப மானத்தின் அளவுகோல் ஆயிற்று. தண்ணீரில் குளித்தால் நோய் புகுந்துவிடும் என்று அஞ்சிய அந்தக் காலத்தில், உடம்பின் அழுக்கை உறிஞ்சி எடுக்கும் உள்சட்டையைத் தினமும் மாற்றுவதுதான் சுத்தம். கழுத்திலும் மணிக்கட்டிலும் எட்டிப் பார்க்கும் வெள்ளை, உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லும். வசதியான வீடுகளில் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான் பெரிய சலவை நடக்கும். பெரிய மரத்தொட்டியில் துணியை அடுக்கி, மேலே ஒரு முரட்டுத் துணியில் விறகுச் சாம்பலைப் பரப்பி, சுடுநீரை ஊற்றி, அடியில் வடிவதைப் பிடித்து மறுபடி காய்ச்சி மறுபடி ஊற்றுவார்கள். நாள் முழுக்க இது நடக்கும். இடைப்பட்ட மாதங்களைச் சமாளிக்க டஜன் கணக்கில் சட்டையும் விரிப்பும் வேண்டும். அதனால்தான் மணப்பெண்ணின் சீர்ப்பெட்டியில் லினனை எண்ணி எண்ணி வைத்தார்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு நூலால் பெயரெழுத்தும் வரிசை எண்ணும் தைத்திருப்பார்கள். பெயரெழுத்து திருட்டுக்குக் காவல். எண் எதற்கென்றால், மேலே இருக்கும் இரண்டையே திரும்பத் திரும்ப எடுத்து நைந்துபோக விடாமல் எல்லாவற்றையும் முறை வைத்து உடுத்துவதற்கு. இப்படிக் காத்த விரிப்பு மூன்று தலைமுறை உழைத்ததில் ஆச்சரியம் இல்லை. பழைய எகிப்திலும் இந்த ஒழுங்கு இருந்தது. அரச கல்லறைகளை வெட்டிய தொழிலாளர்கள் வாழ்ந்த தேர் எல்-மதீனாவில் கிடைத்த கல், ஓட்டுச் சில்லுகளில் சலவைக் கணக்குகள் உள்ளன. சிலவற்றில் உடையின் படத்தை வரைந்து, எத்தனை என்பதைப் புள்ளி வைத்துக் காட்டியிருக்கிறார்கள். அந்த ஊருக்கென்று அரசே சலவைக்காரர்களை நியமித்திருந்தது.

சலவையின் பயன் துணி கிழிந்த பிறகும் தொடர்ந்தது என்பது என்னை மிகவும் ஈர்க்கும் பகுதி. 19-ஆம் நூற்றாண்டில் மரக்கூழ் வரும்வரை ஐரோப்பாவின் காகிதம் கந்தல் துணியிலிருந்துதான் வந்தது. அதில் பெரும்பங்கு லினன். குளோரின் வருவதற்கு முன் கந்தலைக் காகித ஆலையில் வெளுக்க நல்ல வழி இல்லை. வெள்ளைக் காகிதம் வேண்டுமானால் வெள்ளைக் கந்தல் வேண்டும். ஆலைகளில் பெண்கள் உட்கார்ந்து கந்தலை நிறம் பார்த்துத் தரம் பிரித்தார்கள். நூறு முறை துவைத்து வெளுத்த சட்டை எழுதும் தாளாயிற்று, மங்கியது பொட்டலம் கட்டும் தாளாயிற்று. ஐரோப்பாவின் பழைய அச்சு நூல்கள் இன்றும் பழுக்காமல் இருப்பதைப் பாராட்டும்போது அச்சுக்காரரை நினைக்கிறோம். அந்தத் தாளின் வெண்மைக்குக் காரணமான சலவைப் பெண்களையும் சேர்த்து நினைப்பதே நியாயம்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. லினனின் சிறப்பு அதன் நாரிலேயே இருக்கிறது. சலவை அதை வெளிக்கொண்டு வந்தது, அவ்வளவுதானே? நார் உயர்ந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அது ஈரத்தை நன்கு உறிஞ்சும். சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் தன் எடையில் சுமார் 12 சதவீதம் நீரை ஏற்கும், பருத்தி சுமார் 8 சதவீதம். வெப்பத்தைச் சீக்கிரம் கடத்துவதால் தொட்டால் குளிர்ச்சி. ஆனால் இந்தியாவைப் பாருங்கள். ஆளிச் செடி இங்கே பன்னெடுங்காலமாக விளைகிறது. 19-ஆம் நூற்றாண்டில் கல்கத்தா துறைமுகத்திலிருந்து அதன் விதை கப்பல் கப்பலாகப் பிரிட்டனுக்குப் போயிற்று. எண்ணெய்க்காக வளர்த்த அந்தச் செடியின் தண்டைப் பெரும்பாலும் யாரும் துணியாக்கவில்லை. அருமையான பருத்தி இருந்த நாட்டில் அதற்குத் தேவையும் இல்லை. நார் அங்கேயேதான் இருந்தது. அதைத் துணியாக்கி விலையேற்றும் உழைப்பு இல்லாததால் மதிப்பும் இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லினனின் தனிச்சிறப்புகள் எனச் சொல்கிறவற்றில் முக்கியமானவை சலவையைத் தாங்கும் குணங்களே. நனைந்தால் அதன் வலு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. கம்பளியையும் பட்டையும் அரிக்கும் காரம் இதை அரிப்பதில்லை. அடித்துத் துவைக்கவும் கொதிக்கவைக்கவும் ஏற்ற நார் என்பதால்தான் ஐரோப்பா இதை உடம்போடு ஒட்டும் உடையாகத் தேர்ந்தது.

மற்றொரு மறுப்பு பருத்தியைப் பற்றியது. சலவைதான் மதிப்பு என்றால், அதையும் துவைக்கலாம், வெளுக்கலாம். பிறகு லினன் ஏன் தோற்றது? தோற்றது சலவைத் தொட்டியில் அல்ல, நூற்பு ஆலையில். பருத்தியைத் தரமாக நூற்பதில் இந்தியாவின் கைகளுக்கு இருந்த தேர்ச்சி ஐரோப்பாவுக்கு வெகுகாலம் வரவில்லை. லங்காஷயரில் 'பருத்தித் துணி' என்று நெய்ததில்கூடப் பாவுக்கு லினன் நூலையே போட்டார்கள். அவர்களுடைய பருத்தி நூல் பாவின் இழுப்பைத் தாங்காது. ஆர்க்ரைட்டின் நூற்பு எந்திரம் 1769-இல் காப்புரிமை பெற்ற பிறகுதான் உறுதியான பருத்திப் பாவு கிடைத்தது. 1774-இல் முழுப் பருத்தித் துணியைச் சட்டம் அனுமதித்தது. ஆளி நாரோ பசையால் ஒட்டிக்கொண்டு எந்திரத்துக்கு அடங்கவில்லை. அதை நூற்கும் எந்திரத்துக்காக 1810-இல் நெப்போலியன் பத்து லட்சம் பிராங்க் பரிசு அறிவிக்க வேண்டியிருந்தது. 1825-இல் பிரஸ்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் கே நாரை நீரில் ஊறவைத்து நூற்கும் முறையைக் காப்புரிமை செய்வதற்குள் அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. அதற்கிடையே அமெரிக்க அடிமைத் தோட்டங்களின் பருத்தி விலையைத் தரைக்கு இறக்கியிருந்தது. வண்ணமும் அச்சும் பருத்தியில் எளிதாக ஏறின. சோழமண்டலக் கரையின் சீட்டித் துணிகளுக்கு ஐரோப்பா பித்தாய் அலைந்ததும் அதற்காகத்தான். அந்தக் கரையிலும் வெளுப்பவர் இல்லாமல் வணிகம் இல்லை: கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்த இடமே சென்னையின் வண்ணாரப்பேட்டை. பருத்தி வென்ற கதை என் வாதத்தை மறுக்கவில்லை. வெளுப்பின் தேவை எந்தத் துணிக்கும் இருந்தது, லினனுக்கு அது மிகக் கூடுதலாக இருந்தது என்பதையே காட்டுகிறது.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். சலவையைப் புகழ்வது அந்த உழைப்பின் கொடுமையை மறைத்து அழகுபடுத்துவதாகாதா? ஆகும், அந்த உழைப்புக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்காமல் விட்டால். மதிப்பை உண்டாக்கியவர்கள் என்று நான் சொன்னவர்களில் ஆலை முதலாளியைத் தவிர எவரும் அந்த மதிப்பில் பங்கு பெறவில்லை. சாம்பல் காரத்தில் கை வெந்த பெண்களுக்குக் கிடைத்தது அன்றாடக் கூலி. வீட்டுப் பெண்களுக்கு அதுவும் இல்லை. எகிப்திலும் சலவைத் தொழிலை இழிவாகவே பேசினார்கள். பல்வேறு தொழில்களின் துன்பங்களை எடுத்துச் சொல்லி எழுத்தர் வேலையே மேல் என்று மாணவருக்குப் போதிக்கும் பழைய நூல் ஒன்று, முதலைக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் துவைப்பவனைத் தவறாமல் சேர்த்துக்கொள்கிறது. 1828-இல் எரிந்துபோன தங்கள் பருத்தி ஆலையை முல்ஹாலண்ட் குடும்பத்தார் 1830-இல் ஆளி நூற்பு ஆலையாகத் திறந்த பிறகு பெல்பாஸ்ட் உலகின் லினன் தலைநகரம் ஆயிற்று. அங்கேயும் நிலைமை மாறவில்லை. ஈர நூற்புக் கூடங்களில் பெண்களும் அரை நாள் பள்ளி, அரை நாள் வேலை என்றிருந்த பிள்ளைகளும் வெறுங்காலோடு வெந்நீர் தேங்கிய தரையில் நின்றார்கள். கால் விரல்கள் புண்ணாயின. நார் வாரும் கூடங்களின் தூசி நுரையீரலை அடைத்தது. 1911-இல் தொழிற்சங்கத் தலைவர் ஜேம்ஸ் கானலி அந்தப் பெண்களை ஒன்றுசேர்த்தபோது அவர்கள் எதிர்த்தவற்றில் வேலை நேரத்தில் பாடக்கூடாது, சிரிக்கக்கூடாது என்ற விதிகளும் இருந்தன. லினனின் வெண்மையைப் பற்றிப் பேசும் எந்தக் கட்டுரையும் இதை அடிக்குறிப்பாகத் தள்ளக் கூடாது.

இன்று ஆளி நார் பெரும்பாலும் பிரான்சின் நார்மண்டியிலும் பெல்ஜியத்திலும் விளைகிறது. நூற்பில் சீனா முன்னணியில் நிற்கிறது. இந்தியாவில் கொல்கத்தா அருகே ரிஷ்ராவில் நூற்கும் ஆலை உண்டு. சென்னையிலும் மதுரையிலும் லினன் சட்டை வெயிலுக்கு ஏற்றதென்று நல்ல விலைக்கு விற்கிறது. கடைக்காரர்கள் நாரின் பெயரையும் நூல் எண்ணையும் சொல்கிறார்கள். பழைய உலகம் அதைப் போற்றக் காரணமாக இருந்த நீண்ட ஆயுளைப் பற்றிச் சொல்வதில்லை. அந்த ஆயுள் இன்னமும் சாத்தியம்தான், பராமரிப்பு தெரிந்தால். ஆளி நார் நீண்டு கொடுக்காது; சுமார் 2 சதவீதம் இழுத்தாலே அறும். அதனால்தான் அது கசங்குகிறது. ஒரே மடிப்பில் திரும்பத் திரும்ப அழுத்தி இஸ்திரி போட்டால் அந்தக் கோட்டிலேயே நைந்து கிழிகிறது. காலர் மடிப்பில் முதலில் கிழிவதற்குக் காரணம் இதுவே. மடிப்பை அவ்வப்போது இடம் மாற்ற வேண்டும். எந்திரத்தில் வேகமாகச் சுழற்றிப் பிழியக் கூடாது. முழுக்கக் காயவிடாமல் ஈரப்பதத்தோடு தேய்க்க வேண்டும். காய்ந்த பிறகு எத்தனை சூடு வைத்தாலும் சுருக்கம் போகாது. அடர்த்தியான பிளீச்சிங் திரவம் நாரையே வெட்டிவிடும். நிழலில் உலர்த்த வேண்டியது சாயமேற்றியதை மட்டும், வெள்ளை லினனுக்கு வெயில் இன்றும் நல்லது. இவ்வளவையும் கவனித்துச் செய்ய ஒரு பருத்திச் சட்டைக்கு ஆவதைவிடக் கூடுதல் நேரமும் தண்ணீரும் சூடும் ஆகும். தெருமுனை இஸ்திரிக் கடைக்காரர் லினனுக்கு ஐந்தோ பத்தோ கூடுதலாகக் கேட்டால், அந்தச் சட்டையின் விலையில் மிக நியாயமான பகுதி அதுதான்.